மேலவையின் ஒரு நாளும் புளியறையும்

குற்றால மலைத்தொடரின் அடிவாரத்தில், செங்கோட்டைக்கு மேற்கே, ஆரியங்காவுக் கணவாய்க்கு ஏறும் சாலையின் தொடக்கத்தில் அமைந்த ஊர் புளியறை. சதாசிவமூர்த்தி திருக்கோயிலாலும் அங்குள்ள தட்சிணாமூர்த்தி சந்நிதியாலும் பலரும் அறிந்த ஊர். இவ்வூரைக் கடந்து மலையேறினால் தமிழகம் முடிந்து கேரளம் தொடங்கிவிடுகிறது. 1956 அக்டோபர் 31 வரை நிலைமை வேறாக இருந்தது. அன்றைய எல்லை இவ்வூருக்குக் கிழக்கே, செங்கோட்டைக்கும் தென்காசிக்கும் இடையே கிடந்தது. புளியறையினர் குற்றால அருவியில் நீராட வேண்டுமாயின், தம் மாநிலத்தை விட்டு நீங்கித் திருநெல்வேலி மாவட்டத்துக்குள் புகுந்தே செல்ல வேண்டும்.

மறுநாள், நவம்பர் முதல் நாள், எல்லை ஊரைத் தாண்டி மேற்கே போயிற்று. ஆறு எதுவும் தடம் மாறவில்லை. படை எதுவும் வரவில்லை. தில்லியில் இரண்டு அவைகள் ஒரு சட்டத்தை வாசித்து நிறைவேற்றின. அதன் 4ஆம் பிரிவு எல்லையைப் பெயர்த்து வைத்தது. ஒரு சட்டத்தை இரண்டு அவைகளில் ஏன் வாசிக்க வேண்டும்? ஓரவை இசைந்த பின் மேலவை என்னும் மற்றோர் அவைக்கு அதில் என்ன பணி? இவ்வினாக்களுக்கு விடை காண, அம்முறை உருப்பெற்ற இடத்தை முதலில் நோக்குதல் வேண்டும்.

பிரபுக்கள் அவையின் குறிப்பேடு

இன்றைய நாடாளுமன்ற நடைமுறைகளுட் பல, இங்கிலாந்தின் பிரபுக்கள் அவையிலும் பொதுமக்கள் அவையிலும் பதினேழாம் நூற்றாண்டுக்குள் நிலைபெற்றுவிட்டவை. அந்நூற்றாண்டில் பிரபுக்கள் அவை கூடிய நாட்களின் குறிப்பேடுகள் இன்றும் உள்ளன. அவற்றில் ஒரு நாளின் நடவடிக்கை பெரும்பாலும் ஒரே அமைப்பினது. வந்திருந்த பிரபுக்கள், ஆயர்கள் ஆகியோரின் பெயர்களை எழுத்தர் எழுதுவார். வழிபாடு நிகழும். கம்பளி அடைத்த இருக்கையில் அமர்ந்து சான்சலர் அவையை நடத்துவார். ஒரு சட்டமுன்வடிவு முதன்முறை வாசிக்கப்படும். மற்றொன்று இரண்டாம் முறை வாசிக்கப்பட்டுக் குழுவின் ஆய்வுக்குச் செல்லும். வேறொன்று மூன்றாம் முறை வாசிக்கப்பட்டு, இசைவோர், இசையாதோர் எனக் கேட்கப்பட்டு முடிவு செய்யப்படும். பின்னர்ப் பொதுமக்கள் அவைக்குச் செய்தி அனுப்பப்படும்.

அவற்றுள் பெரும்பாலானவை சிறு செய்திகளே. கடனை அடைக்க நிலத்தை விற்க ஒரு குடும்பம் இசைவு கேட்கும். வேற்று நாட்டார் ஒருவர் குடியுரிமை வேண்டுவார். அவற்றின் நடுவே, அதே உணர்ச்சியற்ற நடையில், நாட்டின் தலைவிதியும் ஒருவரி இடம்பெறும்.

1679 மே 27 அத்தகைய ஒரு நாள். காரணமின்றிச் சிறையிடப்பட்டவரை நீதிமன்றத்தின் முன் கொணரச் செய்யும் ஹேபியஸ் கார்ப்பஸ் சட்டத்தின் கதி, அன்று பிரபுக்கள் அவையில் ஒரு வாக்கெடுப்பைப் பொறுத்திருந்தது. 57 பேர் ஒரு பக்கம், 55 பேர் மறுபக்கம் என்று குறிப்பேடு கூறுகிறது. ஆனால் அன்று வந்திருந்தோர் பட்டியலில் 107 பெயர்களே உள்ளன. வாக்கெண்ணியவர் உடல் பருத்த பிரபு ஒருவரைப் பத்துப் பேராக வேடிக்கையாகக் கணக்கிட, எதிர்த்தரப்பில் எண்ணியவர் அதைக் கவனியாது விட்டார் என்று பர்னெட் என்னும் வரலாற்றாசிரியர் எழுதிவைத்தார். கதை எவ்வாறாயினும், இன்று இந்திய உயர்நீதிமன்றங்களில் ஏழைத் தாயொருத்தி தொடுக்கும் ஆட்கொணர்வு மனுவின் முன்வரலாற்றில் அந்நாளுக்கும் இடமுண்டு.

சட்டமுன்வடிவை வாய்விட்டு வாசிக்கும் முறை, அச்சுப்படி ஒவ்வொருவர் கைக்கும் எட்டாத காலத்தில் தோன்றியது. கேட்டு, ஐயுற்று, வினவி, திருத்தி, மீண்டும் கேட்டு ஏற்பதே அதன் நெறி. தமிழர்க்கு இது புதிதன்று. நூலை அவையிற் படித்துத் தடைவிடை கூறி ஏற்கச் செய்யும் அரங்கேற்ற மரபு இங்கு நெடிது. நிலந்தரு திருவிற் பாண்டியன் அவையத்து அதங்கோட்டாசானுக்குக் குற்றமறக் காட்டிய பின்னரே தொல்காப்பியம் ஏற்கப்பட்டதெனப் பாயிரம் கூறுகிறது. அவ்வாசானின் ஊர் விளவங்கோடு வட்டத்து அதங்கோடே என்று அறிஞர் சிலர் கருதுவர். புளியறையைத் தமிழகத்தோடு இணைத்த அதே 4ஆம் பிரிவுதான் விளவங்கோட்டையும் இணைத்தது என்பது ஈண்டு நினைக்கத்தக்கது.

திருவிதாங்கூரின் இரண்டு அவைகள்

புளியறை அடங்கிய செங்கோட்டை வட்டம் திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்தது. இந்திய சமஸ்தானங்களுள் முதன்முதலாகச் சட்டமியற்றும் அவை கண்டது திருவிதாங்கூரே. ஸ்ரீமூலம் திருநாள் 1888இல் அமைத்த அவ்வவையில் உறுப்பினர் எண்மர். திவான் அலுவலகத்திலேயே அது கூடிற்று. 1904இல் ஸ்ரீமூலம் பிரஜா சபை தோன்றியது. குறைகளை எடுத்துரைக்கலாம் என்பதே அதன் உரிமை. சட்டமியற்றும் உரிமை அதற்கில்லை. ஆயினும் 1911இல் நியமிக்கப்பட்ட அய்யங்காளி தம் மக்களின் குறைகளை அரசின் முன் உரைக்க அச்சபையே வழியாயிற்று. அதே 1904இல்தான் புனலூர், செங்கோட்டை இருப்புப்பாதை மலையைக் குடைந்து வந்து சேர்ந்தது.

கவிதைக்கும் சட்டத்துக்கும் உள்ள உறவுக்குத் திருவிதாங்கூர்த் தமிழரிடையே ஒரு சான்றுண்டு. மருமக்கள் வழியால் நாஞ்சில் நாட்டு வேளாளர் குடும்பங்கள் சீரழிந்ததைக் கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை ‘நாஞ்சில் நாட்டு மருமக்கள் வழி மான்மியம்’ என்னும் அங்கத நூலாகப் பாடினார். 1926இல் நாஞ்சில் நாட்டு வேளாளர் சட்டம் பிறந்தது. அதற்கான மனநிலையைச் சமூகத்தில் உருவாக்கியதில் அந்நூலுக்குப் பங்குண்டு என்பர். அவைக்குள் வாசிக்கப்படுமுன் அச்சட்டம் மக்கள் மனத்தில் ஒருமுறை வாசிக்கப்பட்டுவிட்டது எனலாம்.

மேலவை என்று சொல்லத்தக்க ஓரவை சித்திரைத் திருநாள் காலத்தில் அமைந்தது. 1932இன் சீர்திருத்தச் சட்டப்படி 72 உறுப்பினர் கொண்ட ஸ்ரீமூலம் சபையும், 37 உறுப்பினர் கொண்ட ஸ்ரீசித்திரா ஸ்டேட் கவுன்சிலும் 1933 சனவரி முதல் நாள் நடைமுறைக்கு வந்தன. ஆனால் வாக்குரிமை சொத்தைச் சார்ந்தே நின்றது. இம்முறையால் தமக்கு உரிய இடம் கிட்டாதென ஈழவர், கிறித்தவர், முசுலிம்கள் ஆகியோர் விலகி நின்று நடத்தியதே நிவர்த்தனப் போராட்டம். 1936 நவம்பர் 12இல் எல்லா இந்துக்களுக்கும் கோயிற்கதவைத் திறந்த ஆணை மன்னரின் அறிவிப்பாகவே வந்தது. எந்த அவையின் வாக்கெடுப்பாலும் அன்று. இரண்டு அவைகள் இருந்தும் அதிகாரம் அரண்மனையிலும் திவானிடமும் தங்கிற்று. 1948இல் ஓரவை மன்றம் வந்தபோது ஸ்ரீசித்திரா கவுன்சிலின் காலம் முடிந்திருந்தது.

1956 ஆகஸ்டு

1949இல் திருவிதாங்கூரும் கொச்சியும் இணைந்தன. தமிழ் வழங்கும் வட்டங்கள் தாய்த்தமிழகத்தோடு சேர வேண்டுமெனத் திருவிதாங்கூர்த் தமிழ்நாடு காங்கிரசு போராடியது. நாஞ்சில் நாட்டில் நேசமணியும், செங்கோட்டைப் பகுதியில் சட்டநாதக் கரையாளரும் முன்னின்றனர். 1954 ஆகஸ்டு 11இல் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் நடந்த துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் பலியாயின. தமிழகம் அடையுமுன்பே, அவ்வாண்டு செப்டம்பரில், கவிமணி மறைந்தார்.

பசல் அலி, குன்சுரு, பணிக்கர் ஆகிய மூவர் குழு 1955 செப்டம்பரில் தன் அறிக்கையை அளித்தது. போராடியோர் கேட்டவை ஒன்பது வட்டங்கள். கிடைத்தவை தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு, செங்கோட்டை என ஐந்து. தேவிகுளம், பீர்மேடு, நெய்யாற்றின்கரை, சித்தூர் ஆகியவை கிட்டவில்லை. சட்டமுன்வடிவு இரு அவைகளின் கூட்டுக்குழுவால் ஆராயப்பட்டு, மக்களவையில் நிறைவேறி, 1956 ஆகஸ்டில் மாநிலங்களவைக்கு வந்தது. அவைத்தலைவர் சர்வபள்ளி இராதாகிருஷ்ணன். சட்டத்துக்குப் பொறுப்பேற்ற உள்துறை அமைச்சர் கோவிந்த வல்லப பந்த். முவ்வரில் ஒருவரான குன்சுருவும் அவ்வவையின் உறுப்பினரே.

பிரபுக்கள் அவையில் பிறப்பால் அமர்ந்தனர். மாநிலங்களவையில் மாநிலங்களின் பேராளராக அமர்ந்தனர். மாநிலங்களின் எல்லையையே மாற்றும் சட்டம் மாநிலங்களின் அவையால் மீண்டும் வாசிக்கப்பட்டது பொருத்தமே. பிரிவு பிரிவாக எடுத்து முடிவு செய்யும் அப்பழைய முறைப்படியே 4ஆம் பிரிவும் நிறைவேறியது. ஆகஸ்டு 31இல் குடியரசுத்தலைவரின் ஒப்புதல் கிடைத்தது. செங்கோட்டை வட்டம் கொல்லம் மாவட்டத்தினின்று நீங்கித் திருநெல்வேலி மாவட்டத்தில் சேர்ந்தது. புளியறை என்னும் பெயர் அப்பிரிவில் இல்லை. ‘செங்கோட்டை வட்டம்’ என்னும் சொற்களுக்குள் அது மறைந்து நின்றது.

மலையாளம் அரசு மொழியாயிருந்த நாட்டில் வாழ்ந்த உழவர், இனித் தம் நிலத்துக்குரிய மனுவைத் தம் தாய்மொழியில் எழுதலாம் என்பதே அவ்வொரு வரியின் பொருள். எனினும் எந்தக் கோடும் மனிதரை முழுமையாகப் பிரித்துவிடுவதில்லை. கோட்டுக்கு அப்பால் தமிழரும், இப்பால் மலையாளிகளும் தங்கினர். உறவும் வணிகமும் அதே கணவாய் வழியாகவே தொடர்ந்தன.

முப்பது ஆண்டுகள்

சென்னை மாநிலத்தோடு இணைந்தபோது புளியறைக்கு மற்றொரு மேலவையும் வாய்த்தது. 1937 முதல் சென்னையில் இரண்டு அவைகள் இருந்தன. பட்டதாரிகள், ஆசிரியர்கள், உள்ளாட்சி மன்றத்தார் ஆகியோர் தேர்ந்தெடுத்தவரும், இலக்கியம் கலை முதலிய துறைகளிலிருந்து ஆளுநர் நியமித்தவரும் அதில் அமர்ந்தனர். எல்லைப் போராட்டத்தின் முன்னணி வீரரான சிலம்புச்செல்வர் ம.பொ.சி. அதன் கடைசித் தலைவர். 1986 மே 14இல் மேலவையை நீக்கச் சட்டப்பேரவை தீர்மானித்தது, நாடாளுமன்றம் இசைந்தது, நவம்பர் முதல் நாள் மேலவை மறைந்தது. புளியறை தமிழகத்தோடு இணைந்து அன்று சரியாக 30 ஆண்டுகள்.

இங்கிலாந்திலும் இவ்வாறு நிகழ்ந்ததுண்டு. மன்னர் முதலாம் சார்லசை விசாரிக்கும் தீர்மானத்தைப் பிரபுக்கள் அவை 1649 சனவரி 2இல் மறுத்தது. பொதுமக்கள் அவை தனித்தே செயற்பட்டது. சனவரி 30இல் மன்னர் தலை வீழ்ந்தது. பிப்ரவரி 6இல் பிரபுக்கள் அவை பயனற்றது, தீங்கானது என்று தீர்மானம் நிறைவேறியது. அன்று கூடிய சில பிரபுக்கள் மறுநாள் காலைக்கு அவையை ஒத்திவைத்தனர். அடுத்த கூட்டம் 1660 ஏப்ரல் 25இல்தான் நடந்தது. சென்னை மேலவையை மீட்க 1989, 1996, 2010 ஆண்டுகளில் தீர்மானங்கள் நிறைவேறின. 2010இல் நாடாளுமன்றம் சட்டமே இயற்றியது. ஆயினும் அவை மீண்டும் கூடவில்லை.

மேலவை வேண்டுமா, வேண்டாவா என்பது அரசியலார் வழக்கு. மறுவாசிப்பு வேண்டும் என்பதில் வழக்கில்லை. ஆயின் மறுவாசிப்பு எவர் அமர்ந்த அவையில் நிகழ்கிறது என்பதே அதன் பயனை வரையறுக்கிறது. சொத்துடையார் வாக்கால் அமைந்த ஸ்ரீசித்திரா கவுன்சிலின் காலத்தில் புளியறை நின்ற இடத்திலேயே நின்றது. அவைக்கு வெளியே மக்கள் எழுப்பிய குரல் உள்ளே எட்டியபோதே அதன் எல்லை பெயர்ந்தது. மான்மியம் காட்டியதும் அதுவே. 2019 நவம்பர் 22 முதல் புளியறை தென்காசி மாவட்டத்து ஊர். சட்டப் பிரிவுகளில் வட்டங்களும் மாவட்டங்களுமே பெயர் பெறும். அவற்றுள் அடங்கி நிற்கும் சிற்றூர்களைப் பெயர் சொல்லி எழுதிவைத்தல் அவ்வூர்களில் தமிழ் எழுதுவோரின் கடனாகும்.