6746328388800: ராமானுஜன் பட்டியலின் கடைசி எண்

பகா எண்களைப் பற்றிப் பேசாத கணித அறிஞர்கள் இல்லை. 1 மற்றும் தன்னைத் தவிர வேறு எதனாலும் வகுபடாதவை அவை. ஆனால் அதற்கு நேர் எதிரான எண்களைத் தேடிப் போனவர் நம் சீனிவாச ராமானுஜன். ஈரோட்டில் 1887-ல் பிறந்து, அரியலூர் பக்கத்திலிருந்து கொள்ளிடத்தைக் கடந்தால் வரும் கும்பகோணத்தில் வளர்ந்தவர்.

12 என்ற எண்ணைப் பாருங்கள். 1, 2, 3, 4, 6, 12 என்று அதற்கு 6 வகுத்திகள். 12-க்குக் கீழே உள்ள எந்த எண்ணுக்கும் இத்தனை வகுத்திகள் கிடையாது. இப்படித் தனக்குக் கீழே உள்ள எல்லா எண்களையும் விட அதிக வகுத்திகளைக் கொண்ட எண்ணை 'மிகு பகு எண்' என்று சொல்லலாம். 24, 36, 48, 60, 120 ஆகியவையும் இந்த வகைதான். நம் முன்னோர் ஒரு நாளை 60 நாழிகையாகப் பிரித்தார்கள். 60-ஐப் பாதி, மூன்றில் ஒன்று, கால், ஐந்தில் ஒன்று என்று எப்படிப் பங்கிட்டாலும் மிச்சம் வராது.

1914-ல் கேம்பிரிட்ஜ் சென்ற ராமானுஜன், அடுத்த ஆண்டே இந்த எண்களைப் பற்றி லண்டன் கணிதக் கழக இதழில் 63 பக்கக் கட்டுரை வெளியிட்டார். 1916-ல் அவருக்குக் கேம்பிரிட்ஜ் பட்டம் கிடைத்தது இந்த ஆய்வுக்காகத்தான். அதில் 102 எண்கள் கொண்ட பட்டியல் ஒன்று உண்டு. அதன் கடைசி எண்தான் 6746328388800. அதாவது 6 லட்சத்து 74 ஆயிரம் கோடிக்கும் மேல்!

இந்த எண்ணைப் பிரித்தால் 2 ஆறு முறை, 3 நான்கு முறை, 5-ம் 7-ம் இரண்டிரண்டு முறை, 11, 13, 17, 19, 23 ஆகியவை ஒவ்வொரு முறை வரும். ஒவ்வொரு எண்ணிக்கையோடும் 1 கூட்டிப் பெருக்க வேண்டும். 7×5×3×3×2×2×2×2×2 = 10080. அத்தனை வகுத்திகள்!

சிறிய பகா எண் அதிக முறையும் பெரியது குறைந்த முறையும் வருவது ஏன்? 2×2×3 = 12, 2×3×3 = 18. இரண்டுக்கும் 6 வகுத்திகள்தான். ஆனால் 12 சிறியது, எனவே 18 போட்டியிலிருந்து விலகிவிடுகிறது. கடைசிப் பகா எண் ஒரே ஒரு முறைதான் வரும், 4-ம் 36-ம் மட்டுமே விதிவிலக்கு என்றும் ராமானுஜன் நிறுவினார்.

கணினி இல்லாத அந்தக் காலத்தில் போட்ட பட்டியலில் ஒரே ஒரு எண் விடுபட்டுப் போனது. அது 293318625600. இதை 23-ஆல் பெருக்கினால் பட்டியலின் கடைசி எண்ணே வந்துவிடும்! விடுபட்ட எண்ணுக்கு 5040 வகுத்திகள். அந்த 5040-ம் ஒரு மிகு பகு எண்தான் என்பது இன்னொரு வேடிக்கை.

ஆனால் உண்மையான இழப்பு வேறு. கணிதக் கழகத்துக்கு அப்போது பண நெருக்கடி. அதனால் கட்டுரையின் பிற்பகுதி அச்சேறவே இல்லை. ராமானுஜன் 1920-ல் தம் 32-ஆம் வயதில் காலமானார்.

1984-ல் பிரெஞ்சுக் கணித அறிஞர் ராபின் ஒரு தேற்றத்தை நிறுவினார். ஓர் எண்ணின் வகுத்திகளைக் கூட்டினால் வரும் தொகைக்கு ஒரு குறிப்பிட்ட உச்சவரம்பு உண்டு. 5040-க்கு மேற்பட்ட எல்லா எண்களும் அந்த வரம்புக்குள் அடங்கினால் ரீமான் கருதுகோள் உண்மை. ஒன்றுகூட மீறினால் அது பொய். கணிதத்தின் மிகப் பெரிய புதிர்களில் ஒன்றான அந்தக் கருதுகோள் இன்னும் நிறுவப்படவில்லை.

அச்சேறாத பக்கங்கள் நிக்கோலா, ராபின் இருவரின் குறிப்புகளோடு 1997-ல் இதழில் வெளிவந்தன. ரீமான் கருதுகோள் உண்மையானால் போதுமான அளவு பெரிய எண்கள் எல்லாம் அந்த வரம்புக்குள் அடங்கும் என்பது அந்தப் பக்கங்களில் ஏற்கெனவே இருந்தது. ராபின் தேற்றத்தின் ஒரு பாதியை ராமானுஜன் சுமார் 70 ஆண்டுகளுக்கு முன்பே எட்டியிருந்தார். அச்சுச் செலவுக்குப் பணம் இருந்திருந்தால் 1915-லேயே உலகம் அதைப் படித்திருக்கும்.