வழி வாய்க்கால் பங்கு



என்னிடம் படித்த இருவர் ஓர் ஆறடிப் பாதைக்காக வழக்குக்குப் போய்விட்டார்களாம். இருவரும் இதை வாசிப்பீர்கள். யார் பக்கம் நியாயம் என்று சொல்லப்போவதில்லை. இந்தச் சண்டை எங்கிருந்து வந்தது என்பதை மட்டும் எழுதுகிறேன்.

யாழ்ப்பாணத்துப் பழைய உறுதி எதை எடுத்தாலும் கடைசியில் "கிணற்றிலும் வழி வாய்க்காலிலும் பங்கு" என்று ஒரு வரி இருக்கும். காரணம் சீதனம். பத்துப் பரப்பு வளவில் முன்பக்கம் மூத்தவளுக்கு, பின்பக்கம் இளையவளுக்கு. கிணறு ஒன்று. பின்வீட்டுக்காரி தெருவுக்கு வர அக்காவின் வேலியோரம்தான் வழி. அந்த வழி எத்தனை அடி என்று பெரும்பாலான நொத்தாரிசுமார் எழுதவில்லை. அக்கா தங்கைக்குள் அடிக்கணக்கு எதற்கு என்று நினைத்திருப்பார்கள். சைக்கிளும் பாடையும் போனால் போதுமாயிருந்த காலம். இன்று பேரப்பிள்ளைக்குக் கார் போகவேண்டும்.

இந்த வழக்கங்கள் பழையவை. ஒல்லாந்தர் காலத்தில் கிளாஸ் ஐசாக்ஸ் என்ற திசாவை 1706இல் தொகுத்துக் கொடுத்த தேசவழமையிலேயே, எல்லையோர மரம் அடுத்தவன் காணிக்குள் சாய்ந்தால் என்ன செய்வது என்று பேசப்படுகிறது. பன்னிரண்டு முதலிமார் அதைப் பார்த்துச் சரி சொன்னார்கள். ஆங்கிலேயர் 1806இல் அதைச் சட்டமாக ஏற்றார்கள். ஆனால் வழியுரிமை வழக்கு பெரும்பாலும் உரோம-டச்சுச் சட்டத்தில்தான் நடக்கும். அதோடு 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்க ஆட்சியுரிமைச் சட்டமும் வரும். ஒரே தடத்தில் பத்து வருடம் தடையின்றி உரிமையோடு நடந்திருந்தால் அது வழியாகும். கேட்டு, அனுமதியோடு நடந்தது உரிமையாகாது. சொந்தக்காரருக்குள் வழக்கு இழுபடுவது இங்கேதான். நாற்பது வருடம் நடந்தவர் "என் உரிமை" என்பார். மற்றவர் "நாங்கள் விட்ட பாசம்" என்பார். இரண்டும் உண்மையாயிருக்கலாம்.

உறுதியில் ஒன்றும் இல்லாவிட்டாலும், தெருவுக்கு வேறு வழியே இல்லாத காணிக்குத் தேவைப்பாட்டு வழி என்று ஒன்றுண்டு. அதற்கு நீதிமன்றம் நட்டஈடு கொடுக்கச் சொல்லவும் கூடும்.

கதியால் வேலிக் காலத்தில் வருடாவருடம் வேலி அடைக்கும்போது ஒரு சாண் நகரும், சத்தம் வரும், அடுத்த வருடம் திரும்பி வரும். பெண்கள் வேலிப் பொட்டால் போய் வருவார்கள். மதில் வந்தபின் நகர்த்தவும் முடியாது, பொட்டும் கிடையாது. இடம்பெயர்ந்து திரும்பியவர்களுக்கு வேலியும் இல்லை, பலருக்கு உறுதியும் இல்லை.

கைகலப்பு வரை போனால் பொலிஸார் 1979ஆம் ஆண்டின் 44ஆம் இலக்கச் சட்டத்தின் 66ஆம் பிரிவில் நீதிமன்றத்துக்கு அறிக்கை கொடுப்பார்கள். அங்கே கிடைப்பது தற்காலிகக் கட்டளைதான். உரிமையைத் தீர்க்க மாவட்ட நீதிமன்றம் போகவேண்டும். அதில் கழியும் வருடங்களை நான் கண்டிருக்கிறேன். வழக்காளியின் மகன் வாதியாய் நிற்பான். 1988 முதல் இணக்க சபைச் சட்டம் இருக்கிறது, செலவில்லை. அங்கே முதலில் போகாததுதான் எனக்கு விளங்கவில்லை.

வெளிநாட்டிலிருக்கும் பிள்ளைகளே, வளவு பிரித்து எழுதும்போது நில அளவையாளரைக் கொண்டு பாதையை வரைபடத்தில் போடுவியுங்கள். அகலத்தை அடியில் எழுதுவியுங்கள். கிணற்றுக்குப் போகும் வழியைத் தனியாகக் குறிப்பியுங்கள். அம்மா அப்பா இருக்கும்போதே செய்யுங்கள், எந்த வேலி எங்கே இருந்தது என்று அவர்களுக்குத்தான் தெரியும்.