துப்பாக்கி என்னும் சக்களத்தி

2009-ல் எனக்கு மத்தியப் பிரதேசத்தில் இருக்கும் பிண்டுக்கு மாற்றல் வந்தது. "சம்பல் பக்கமா? கொள்ளைக்காரங்க ஊராச்சே" என்று அம்மா போனில் அழாத குறை. போய்ப் பார்த்தால் கடுகு வயலும் எருமைப் பாலுமாக நல்ல ஊர்தான். கொள்ளைக்காரர் யாரையும் நான் பார்க்கவில்லை. துப்பாக்கிகளைத்தான் பார்த்தேன். மோட்டார் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து போகிறவர் தோளில், டீக்கடை பெஞ்சில், கல்யாணப் பந்தலில். நம்மூரில் கல்யாணத்துக்குப் போகிற பெரிய மனிதர் மைனர் செயினும் மோதிரமும் போட்டுக்கொள்வார். அங்கே இரட்டைக் குழல் துப்பாக்கி.

எங்கள் கிளையின் காவலர் ஒரு முன்னாள் ராணுவ வீரர், ஹவில்தாராக ஓய்வு பெற்றவர். 1999 கார்கில் போரில் இருந்தவர். அவர் கையில் இருந்தது வங்கியின் துப்பாக்கி. சாயங்காலம் உள்ளே வைத்துப் பூட்டிவிடுவோம். காலையும் மாலையும் தோட்டாக்களை எண்ணிப் பதிவேட்டில் என்னிடம் கையெழுத்து வாங்காமல் நகரமாட்டார். "ராணுவத்தில் ஒரு தோட்டா குறைந்தாலும் பதில் சொல்ல வேண்டும், சாப்" என்பார். போரைப் பற்றி அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசியதில்லை.

எங்கள் வீட்டுக்குப் பால் வந்தது அவர் வீட்டு எருமையிலிருந்து. அவருடைய மனைவியை என் மனைவி தீதி என்று கூப்பிடுவாள். ஒரு நாள் அந்த அம்மா சொன்னாராம்: "வங்கித் துப்பாக்கி வங்கியிலேயே தூங்குகிறது, பேட்டி. எங்கள் வீட்டில் இன்னொன்று இருக்கிறதே, அது துப்பாக்கி இல்லை. என் சக்களத்தி."

விஷயம் இதுதான். ஓய்வு பெற்றபோது வந்த பணத்தில் கூரையை மாற்றி, மகள் கல்யாணத்துக்கும் ஒரு தொகை போட்டு வைப்பதாகப் பேச்சு. 2006-ல் அதில் ஒரு பங்கை எடுத்துச் சொந்தமாக ஒரு இரட்டைக் குழல் துப்பாக்கி வாங்கிவிட்டார். வீட்டில் கேட்கவில்லை. அந்த அம்மாவின் தம்பி ஒரு கல்யாண ஊர்வலத்தில் யாரோ சந்தோஷத்துக்குச் சுட்ட குண்டு பட்டு இறந்தவன். அது தெரிந்தும் வாங்கினார். மூன்று மாதம் இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. "கார்கில் சமயத்தில் கடிதம்கூட வராமல் நாள் கணக்கில் உட்கார்ந்திருந்தேன். ஆனால் அந்தப் பயத்துக்கு ஒரு முடிவு இருந்தது, இதற்கு இல்லை" என்றாராம்.

போரையே பார்த்தவருக்கு வீட்டில் எதற்குத் துப்பாக்கி? இதைப் புரிந்துகொள்ள அந்த ஊர்ச் சரித்திரம் கொஞ்சம் தெரிய வேண்டும்.

பிரிட்டிஷ் இந்தியாவில் லிட்டன் வைஸ்ராயாக இருந்தபோது 1878-ல் ஆயுதச் சட்டம் வந்தது. இந்தியர்கள் லைசென்ஸ் இல்லாமல் துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது, வெள்ளைக்காரர்களுக்கு விலக்கு. அன்றிலிருந்து லைசென்ஸ் என்பது வெறும் காகிதமாக இல்லை. 'இவன் சர்க்காருக்கு வேண்டியவன்' என்ற சான்றிதழ் ஆகிவிட்டது. சுதந்திரத்துக்குப் பின் 1959-ல் புதுச் சட்டம் வந்தது. லைசென்ஸின் கௌரவம் மட்டும் குறையவில்லை.

சம்பல் பகுதிக்கு இன்னொரு காரணமும் உண்டு. ஆறும் மழையும் மண்ணை அரித்து அரித்துப் பெரிய பெரிய பள்ளங்களாக்கி விட்டன. பீஹட் என்பார்கள். நல்ல நிலம் குறைவு, பங்காளித் தகராறு அதிகம். தகராறில் தோற்றவனும் கொலை செய்தவனும் பீஹடில் இறங்கிவிட்டால் போலீஸ் கண்டுபிடிப்பது கஷ்டம். அவர்கள் தங்களைக் கொள்ளைக்காரன் என்று சொல்லிக்கொள்வதில்லை. பாகி, அதாவது கலகக்காரன்.

ராணுவத்துக்கு ஆள் அனுப்புவதும் இதே மண்தான். அதனால் இந்தக் கதையில் இரண்டு பக்கமும் சிப்பாய்கள் வருகிறார்கள். 1960-ல் வினோபா பாவே சம்பலில் நடந்தே போய் பாகிகளைச் சரணடைய வைத்தபோது அவருக்குத் துணை நின்றவர் மேஜர் ஜெனரல் யதுநாத் சிங். 1972-ல் மொரேனா மாவட்டம் ஜௌராவில் ஜெயப்பிரகாஷ் நாராயண் முன்னால் மோகர் சிங்கும் மாதோ சிங்கும் ஆயுதத்தைக் கீழே வைத்தார்கள். அந்த மாதோ சிங் ஒரு காலத்தில் ராணுவத்தில் இருந்தவர். ஜௌரா காந்தி ஆசிரமத்தை நடத்தி இதற்கெல்லாம் களம் அமைத்தவர் எஸ்.என்.சுப்பாராவ். பெங்களூரில் பிறந்தவர்தான், ஆனால் பெயரின் முன்னால் இருக்கும் எஸ் என்பது சேலம்! 2021-ல் காலமானார்.

பான் சிங் தோமர் கதை பலருக்கு 2012-ல் வந்த படத்தின் மூலம் தெரிந்திருக்கும். ராணுவ சுபேதார், ஸ்டீபிள்சேஸ் ஓட்டத்தில் ஏழு முறை தேசிய சாம்பியன், 1958 டோக்கியோ ஆசிய விளையாட்டுப் போட்டிக்குப் போனவர். ஊருக்குத் திரும்பினார், நிலத்தகராறு, துப்பாக்கி, பீஹட். 1981-ல் போலீஸ் மோதலில் முடிந்தது. 1983 பிப்ரவரியில் பூலன் தேவி சரணடைந்தது பிண்டிலேயே, முதலமைச்சர் அர்ஜுன் சிங் முன்னால்.

இத்தனை சரணடைதலிலும் கீழே வைக்கப்பட்டவை பாகிகளின் துப்பாக்கிகள். வீட்டு ஆணியில் தொங்கிய லைசென்ஸ் துப்பாக்கிகளை யாரும் கேட்கவில்லை. கேட்கவும் முடியாது. அது பிழைப்பும்கூட. சொந்தத் துப்பாக்கியும் லைசென்ஸும் இருந்தால் வெளியூரில் காவலாளி வேலை கிடைக்கும்.

இதன் உச்சம் 2008-ல் சிவபுரி மாவட்டத்தில் நடந்தது. ஆண்கள் குடும்பக் கட்டுப்பாட்டு ஆபரேஷனுக்கு வரவில்லை என்று, செய்துகொண்டால் துப்பாக்கி லைசென்ஸ் சீக்கிரம் கிடைக்கும் என்று மாவட்ட நிர்வாகமே அறிவித்தது. ஆண்மை போய்விடுமோ என்று பயப்படுகிறவனுக்கு ஆண்மையின் இன்னொரு அடையாளம்! முந்தைய வருடத்தைவிடப் பல மடங்கு பேர் வந்தார்கள். என் மனைவி இதைச் சொன்னபோது தீதி சிரித்தாராம். "பெண்டாட்டிக்குப் பிரசவத்திலிருந்து விடுதலை கொடுத்து, சக்களத்தியைக் கூட்டிக்கொண்டு வரும் திட்டம்."

நானும் ஒரு தடவை ஹவில்தாரிடம் நேராகவே கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னார்: "போரில் இருந்தேன் என்பது இங்கே யாருக்கும் தெரியாது, சாப். மெடல் டிரங்குப் பெட்டிக்குள் இருக்கிறது. கல்யாணத்துக்கு வெறுந்தோளோடு போனால் பின்வரிசை." அந்தப் பதிலில் நான் தோற்றுப் போனேன். அவர் சொன்னதும் உண்மை, அந்த அம்மா பயந்ததும் உண்மை.

தேர்தல் அறிவித்தால் லைசென்ஸ் துப்பாக்கிகளைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்வார்கள். அந்த வாரங்களில் அவர் முகம் வாடிக் கிடக்கும், தீதி பாலோடு வெண்ணெயும் அனுப்புவார். எந்தக் கட்சி ஜெயித்தாலும் அவருக்கு அது பண்டிகைதான்.

2011-ல் மகள் கல்யாணம். அந்த அம்மா ஒரே நிபந்தனை வைத்தார்: "இந்தப் பந்தலில் ஒரு குண்டு வெடித்தாலும் நான் கன்னிகாதானத்துக்கு உட்கார மாட்டேன்." வீட்டில் பெரிய ரகளை. பிள்ளை வீட்டாரிடம் போய்ச் சொல்ல அவருக்கு நாக்கு எழவில்லை. கடைசியில் ஒரு வாரம் முன்பே தன் துப்பாக்கியைக் கடைத்தெரு ஆயுத வியாபாரியிடம் கொண்டுபோய் வைத்துவிட்டு ரசீது வாங்கி வந்தார். நம் லாக்கர் மாதிரிதான், வாடகை கொடுத்தால் பத்திரமாக வைத்திருப்பார்கள். பெண்ணைப் பெற்றவரே வெறுந்தோளோடு நிற்கும்போது மற்றவர்களும் அடங்கினார்கள். ஒருவர் மட்டும் வாசலுக்குப் போய்ச் சுட்டார். தீதி அங்கேயே போய் அவரை நிறுத்தினார்.

கதை இத்தோடு சுபம் என்று நினைக்க வேண்டாம். நான்காம் நாள் துப்பாக்கி வீட்டுக்கு வந்துவிட்டது. ஆனால் அதற்குப் பிறகு ஒவ்வொரு கல்யாண சீசனிலும் அது கடைக்குப் போனது. வாடகையைப் பால் காசிலிருந்து கொடுத்தது தீதி. ரசீது நகைப் பெட்டியில் இருக்கும்.

2019-ல் ஆயுதச் சட்டத்தைத் திருத்தினார்கள். ஒருவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கி மூன்றிலிருந்து இரண்டாகக் குறைந்தது. பிறர் உயிருக்கு ஆபத்து வரும்படி கொண்டாட்டத்துக்குச் சுட்டால் இரண்டு வருடம் வரை சிறை, அல்லது ஒரு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். நான் போன் செய்து சொன்னேன். "நான் சொன்னபோது யாரும் கேட்கவில்லை, இப்போது சர்க்கார் சொல்கிறது" என்றார் தீதி.

இப்போது வேறு சண்டை. துப்பாக்கி வாங்கி 25 வருடம் ஆனால் லைசென்ஸை மகன் பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்கலாம். மகன் நாள் எண்ணிக்கொண்டிருக்கிறான், 2031 வரவேண்டும். அப்பா சரி என்கிறார். அம்மா முடியாது என்கிறார். போன தீபாவளிக்குப் பேசியபோதும் வீட்டில் இதே பேச்சுதான். "இவரை நான் கட்டிக்கொண்டேன், பொறுத்துக்கொண்டேன். வரப்போகிற மருமகள் என்ன பாவம் செய்தாள்?" என்று கேட்டார். பின்னால் ஹவில்தார் ஏதோ சொல்வது கேட்டது. என்ன சொன்னார் என்று புரியவில்லை, லைன் கட்டாகிவிட்டது.