பொழுதும் உரிமையும்: மலையகப் பெண்களின் கல்வியும் தலைமையும் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

இலங்கை மலையகத்தைப் பற்றி எழுந்த வரலாறுகள் பெரும்பாலும் குடிபெயர்வு, தொழிற்சங்கம், குடியுரிமை ஆகிய மூன்று பொருள்களைச் சுற்றியே அமைந்துள்ளன. இம்மூன்றிலும் பெண் இடம்பெறுகிறாள்; ஆயினும் தொகையாகவே இடம்பெறுகிறாள், பெயராக அன்று. தோட்டத் தொழிலாளருட் பாதிக்கு மேற்பட்டோர் பெண்களாயிருந்தும், பாடசாலையிலும் சங்கத்திலும் சபையிலும் அவர்கள் பின்வரிசையிலேயே நின்றமை ஏன்? ஆர்வமின்மை என்றும் அறியாமை என்றும் இதற்கு விடை கூறுவோர் உளர். அவ்விடை போதாது. பெண்ணின் ஒரு நாட் பொழுதைத் தோட்டம் எவ்வாறு பங்கிட்டது என்பதை நோக்கினாலன்றி இவ்வினாவுக்குத் தக்க விடை கிடையாது என்பதே இக்கட்டுரையின் கருத்தாகும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலே மலைநாட்டில் ஓங்கியிருந்தது கோப்பிப் பயிராகும். கோப்பிக்கு அறுவடைக் காலத்திலேயே பெருந்தொகையான ஆட்கள் வேண்டியிருந்தனர். தமிழகத்திலிருந்து வந்தோர் பருவம் முடிந்ததும் ஊர் திரும்பினர். அவருள் ஆண்களே மிகுதி. 1869 இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழித்தது. 1867 இல் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெயிலர் பயிரிட்ட தேயிலை அதன் இடத்தைப் பிடித்தது. தேயிலை ஆண்டு முழுவதும் கொழுந்து தருவது. சில நாட்களுக்கு ஒருமுறை அதே மலையை மீண்டும் எடுத்தல் வேண்டும். ஆகவே தோட்டத்துக்கு நிலையான குடும்பங்கள் தேவைப்பட்டன. கொழுந்தெடுக்கும் வேலை பெண்ணுக்கென ஒதுக்கப்பட்டது. 1885 இல் புகையிரதப் பாதை நானுஓயாவை எட்டிய பின்னர், தலவாக்கலைக்கும் கிரேட் வெஸ்டர்னுக்கும் இடைப்பட்ட வட்டகொடை போன்ற பகுதிகளின் தேயிலை கொழும்புத் துறைமுகத்தோடு நேரே இணைந்தது. அவ்விணைப்பின் தொடக்கம் பெண்ணின் கூடையிலே இருந்தது.

இவ்வேலைப் பிரிவினையின் விளைவை மணிக்கணக்கிற் காண்டல் தகும். கவ்வாத்து வெட்டுதல், முள்ளுக்குத்துதல் முதலிய ஆண்களின் வேலைகள் அளவு குறித்துக் கொடுக்கப்பட்டவை. விரைந்து முடித்தவன் நண்பகலை ஒட்டி லயத்துக்குத் திரும்பலாம். கொழுந்தெடுப்பவளோ காலைப் பெரட்டு முதல் மாலை நிறுவை வரை மலையிலேயே நிற்றல் வேண்டும். விடியுமுன் எழுந்து சமைப்பதும், பிள்ளையை மடுவத்தில் விடுவதும், மாலையில் விறகும் தண்ணீரும் சுமப்பதும் அவளுடைய கடமைகளே. இவ்வளவு நீண்ட நாளுக்குக் கிடைத்த கூலி ஆணின் கூலியிலும் குறைவு. 1927 ஆம் ஆண்டின் குறைந்தபட்சச் சம்பளச் சட்டம் தொழிலாளருக்குச் சிறிது பாதுகாப்பு அளித்தது உண்மையே. எனினும் அதன்கீழ் ஆணுக்கு ஒன்று, பெண்ணுக்கு ஒன்று, சிறுவருக்கு ஒன்று என மூன்று வீதங்கள் வகுக்கப்பட்டன. ஏற்றத்தாழ்வு வழக்கமாயிருந்த நிலை மாறிச் சட்டமாயிற்று. பெண் உழைத்த பணத்தைக் கணவனோ தந்தையோ சம்பள மேசையிற் பெற்றுச் செல்லும் வழக்கமும் நெடுங்காலம் நிலவியது.

கல்வியின் கதையும் இப்பொழுதுக் கணக்கோடு பிணைந்ததே. 1907 ஆம் ஆண்டின் கிராமப் பாடசாலைச் சட்டமும் 1920 ஆம் ஆண்டின் கல்விச் சட்டமும் ஆறு முதல் பத்து வயது வரையுள்ள பிள்ளைகளுக்குக் கல்வியளிக்கும் பொறுப்பைத் தோட்டத்துரையிடம் ஒப்படைத்தன. முற்பகல் 10 மணிக்கு முன்னர் அப்பிள்ளைகளை வேலைக்கு அமர்த்தலாகாது என 1920 ஆம் ஆண்டுச் சட்டம் விதித்தது. பிள்ளையின் காலைப்பொழுதிற் சில மணித்தியாலங்களைப் பாடசாலைக்கு விட்டுவிட்டு, எஞ்சியதை மலைக்கு அளித்த ஏற்பாடு இதுவெனலாம். பெரும்பாலும் ஓர் ஆசிரியரோடும் ஒரு கூடத்தோடும் இயங்கிய அப்பாடசாலைக்கு ஆண்பிள்ளை சென்றாலும், மூத்த பெண்பிள்ளை தங்கையைத் தூக்கிக்கொண்டு காம்பராவிலே தங்கினாள். தாய் மலையில் நின்ற பொழுதுக்கு மகள் தன் படிப்பை ஈடாகக் கொடுத்தாள். இவ்வாறு ஒரு தலைமுறையின் உழைப்பு அடுத்த தலைமுறைப் பெண்ணின் எழுத்தறிவையும் உண்டுவிட்டது.

வட்டகொடையின் மடக்கொம்பரைத் தோட்டத்தில் 1914 இல் பிறந்தவர் கவிஞரும் தொழிற்சங்கவாதியுமான சி. வி. வேலுப்பிள்ளை. அவர் நகரப் பாடசாலைகளிற் கற்று, ஆங்கிலத்திலும் தமிழிலும் எழுதும் ஆற்றல் பெற்று, 1947 இல் தலவாக்கலைத் தொகுதியின் பாராளுமன்ற உறுப்பினரானார். தோட்டத்து மக்களின் வாய்மொழிப் பாடல்களைத் தேடித் தொகுத்த பெருமையும் அவருக்குண்டு. தாலாட்டும் ஒப்பாரியும் பெண்களின் ஆக்கங்கள் என்பதை நாம் மறத்தலாகாது. பாடியவளுக்கு எழுத்து இல்லை; எழுதியவருக்கு அது வாய்த்தது. வேலுப்பிள்ளையின் தொண்டை இது சற்றும் குறைக்கவில்லை. ஆயினும் ஒரே மலையிற் பிறந்த ஆணுக்கும் பெண்ணுக்கும் இடையே எழுத்து இட்ட எல்லையை இது தெளிவாகக் காட்டுகின்றது.

வாக்குரிமை வரலாறு இதனினும் சிந்தனைக்குரியது. 1927 இல் கொழும்பிற் கற்ற பெண்கள் சிலர் பெண்கள் வாக்குரிமைச் சங்கத்தைத் தோற்றுவித்து டொனமூர் ஆணைக்குழுவின் முன் சாட்சியமளித்தனர். தோட்டத்துத் தமிழ்ப் பெண்களுக்கும் வாக்கு வேண்டுமோ என வினவப்பட்டபோது, அவர்களும் பெண்களே, எல்லாப் பெண்களுக்கும் வேண்டும் என அக்னஸ் டி சில்வா விடையளித்ததாக அவரே பதிவு செய்துள்ளார். 1931 இல் சர்வசன வாக்குரிமை வந்தது. இந்திய வம்சாவளியினருக்கு வதிவிட நிபந்தனைகள் இருந்தபோதிலும், தோட்டத்துப் பெண்களும் வாக்காளராயினர். 1932 இல் நேசம் சரவணமுத்து என்னும் தமிழ்ப் பெண் கொழும்பு வடக்கிலிருந்து அரசாங்க சபைக்குத் தெரிவானார். அத்தகைய வாய்ப்பு மலைக்கு ஏற 90 ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

இக்காலத்தே தோட்டத்துப் பெண்ணை நேரே நாடிச் சென்றவர் மீனாட்சியம்மை ஆவார். தம் கணவர் கோ. நடேசய்யரோடு ஹட்டனைத் தளமாகக் கொண்டு உழைத்த அவர், ‘தேசபக்தன்’ பத்திரிகைப் பணியிற் பங்குகொண்டு பெண்களின் நிலை பற்றியும் எழுதினார். 1931 இல் நடேசய்யர் தோட்டத் தொழிலாளருக்கெனச் சங்கம் அமைத்தபோது, கூட்டங்களில் மீனாட்சியம்மையின் பாடலும் முழங்கியது. 1940 இல் வெளியான ‘இந்தியர்களது இலங்கை வாழ்க்கையின் நிலைமை’ என்னும் பாடல் நூல் அவருடையது. வாசிக்க அறியாத மக்களிடம் கருத்தைக் கொண்டுசெல்லப் பாடலே தக்க வாகனம் என்பதை அவர் உணர்ந்திருந்தார். கொழுந்தெடுக்கும் கை ஓயாதபோதும் காது திறந்தே இருக்கும் அல்லவா?

1947 ஆம் ஆண்டுத் தேர்தலில் இலங்கை இந்தியன் காங்கிரஸ் எழுவரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பியது. எழுவரும் ஆண்களே. அடுத்த ஆண்டின் குடியுரிமைச் சட்டமும் 1949 இன் தேர்தற் சட்டத் திருத்தமும் பெரும்பான்மையோரின் வாக்கைப் பறித்தன. பெண் தன் வாக்கைப் பயன்படுத்தப் பழகுமுன்னரே அதை இழந்தாள். வாக்கற்ற மக்களுக்குப் பாடசாலையும் எட்டாப் பொருளாயிற்று. 1945 இல் இலவசக் கல்வி தொடங்கியபோதும், 1960, 1961 ஆம் ஆண்டுகளில் உதவி பெறும் பாடசாலைகள் அரசுடைமையானபோதும், தோட்டப் பாடசாலைகள் அவ்வோட்டத்துக்குப் புறம்பாகவே நின்றன. 1975 இல் கம்பனித் தோட்டங்கள் அரசுடைமையான பின்னர், 1977 தொடக்கமே அவற்றை அரசு பொறுப்பேற்கும் பணி விரைவுற்றது.

தொழிற்சங்கங்களிற் பெண்களுக்கு இடமே இருக்கவில்லை என்று கூறுதல் நேர்மையாகாது. மாதர் பிரிவுகள் இருந்தன. மாதர் தலைவிகள் இருந்தனர். இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸின் மாதர் பணியில் ஈடுபட்ட கோகிலம் சுப்பையா 1964 இல் ‘தூரத்துப் பச்சை’ என்னும் நாவலை வெளியிட்டு, தோட்டத்துப் பெண்ணின் வாழ்வை இலக்கியமாக்கினார். வேலைநிறுத்தங்களிற் பெண்களே முன்னணியில் நின்றனர். சந்தாப் பணத்திலும் பெரும்பங்கு அவர்களுடையதே. ஆயினும் தோட்டத் தலைவரைத் தெரிவதும் துரையோடு பேசுவதும் ஆண்களின் பணியாயின. இதற்கும் பொழுதே முதற் காரணம். ஆண் வேலை முடித்து ஓய்ந்திருந்த வேளையில் அவள் மலையில் நின்றாள். கூட்டம் கூடிய வேளையில் அவள் அடுப்படியில் நின்றாள்.

1984 இல் சங்கங்கள் ஒன்றிணைந்து நடத்திய போராட்டத்தின் பின்னர் ஆண், பெண் நாட்சம்பளம் சமமாயிற்று. இது பெருவெற்றியே. எனினும் சமமானது நாட்சம்பளமேயன்றி நாளின் நீளம் அன்று. குறித்த நிறைக்குக் கொழுந்து குறைந்தால் ‘அரைப் பேர்’ என எழுதப்படும் அச்சமும் அவளை விட்டு நீங்கவில்லை.

பிந்திய மாற்றங்கள் நம்பிக்கை தருவன. மலையகப் பெண்கள் ஆசிரியைகளாகப் பெருந்தொகையில் உருவாயினர். செங்கொடிச் சங்கத்திலே மேனகா கந்தசாமி தலைமைப் பொறுப்பேற்றுப் பெண் தலைமைக்கு வழிகாட்டினார். 2017 ஆம் ஆண்டின் சட்டத் திருத்தம் உள்ளூராட்சி மன்றங்களில் 25 வீதத்தைப் பெண்களுக்கு ஒதுக்க, 2018 தேர்தலில் அது நடைமுறைக்கு வந்தது. 2024 இல் நுவரெலியாவிலிருந்து கிருஷ்ணன் கலைச்செல்வியும் பதுளையிலிருந்து அம்பிகா சாமுவேலும் பாராளுமன்றம் புகுந்தனர்.

இவ்வரலாறு உணர்த்துவது யாது? வாக்கு, பாடசாலை, சமசம்பளம், ஒதுக்கீடு ஆகிய ஒவ்வோர் உரிமையும் ஏட்டில் வந்த பின்னரும் பெண்ணைச் சென்றடையப் பல்லாண்டுகள் பிடித்தன. உரிமையைப் பயன்படுத்தும் பொழுது அவளிடம் இல்லாமையே அதற்குப் பெருங்காரணம். ஆகவே சமத்துவம் பேசுவோர் சட்டத்தோடு நின்றுவிடலாகாது. பிள்ளை மடுவம் செம்மையாக இயங்குகின்றதா, சங்கக் கூட்டம் எவ்வேளையிற் கூடுகின்றது, மூத்த மகள் பாடசாலையில் இருக்கின்றாளா, தண்ணீர்க் குழாய் லயத்திலிருந்து எவ்வளவு தூரம் என்னும் எளிய வினாக்களையும் எழுப்புதல் வேண்டும். மலையகத்திலிருந்து பல்கலைக்கழகம் புகுந்துள்ள மாணவியர் இவ்வினாக்களுக்குத் தம் தாயரிடமும் பாட்டியரிடமும் விடை கேட்டு எழுதுவாராயின், தொகையாக மட்டுமே நின்ற பெண்கள் பெயரோடு வரலாற்றில் இடம்பெறுவர்.