கோமாளிகள்: காதில் பிறந்த புகழ்

இலங்கைக்குத் தொலைக்காட்சி வந்தது 1979இல். அதற்கு முன்னர் வீடுதோறும் ஒரு கலைஞனின் பெயரைக் கொண்டுசென்றது வானொலியே. அப்படிக் காதில் பிறந்த புகழ் திரைக்கு ஏறிய வரலாறே 1976இல் வெளிவந்த 'கோமாளிகள்'.

எஸ். ராம்தாஸ் எழுதி இலங்கை வானொலியில் ஒலித்த 'கோமாளிகளின் கும்மாளம்' என்ற நகைச்சுவைத் தொடரே இதன் மூலம். படத்தை எஸ். ராமநாதன் இயக்கினார், கண்ணன் - நேசம் இரட்டையர் இசையமைத்தனர்.

பாத்திரப் பொருத்தத்தைப் பாருங்கள். ராம்தாஸ் மரிக்காராகி முஸ்லிம்களின் தமிழைப் பேசினார். செல்வசேகரன் உபாலியாகிச் சிங்களவர் பேசும் தமிழைப் பேசினார். பி. எச். அப்துல் ஹமீத் ஐயரானார். ரி. ராஜகோபாலோ யாழ்ப்பாணத் தமிழ் பேசும் அப்புக்குட்டி. மாத்தளைச் சந்தையில் ஒரு நாழிகை நின்றாலே பல விதத் தமிழும் காதில் விழும். ஆதலால் இந்தச் சிரிப்பு நமக்கு அந்நியமன்று.

அயலவன் பேச்சைப் பலகாலம் பரிவோடு கேட்டவனுக்கே அதைப் பேசிக்காட்ட வரும். வெறுப்போடு கேட்டால் அது ஏளனமாகிவிடும். கேட்டவர்களும் தம் பேச்சை அதில் இனங்கண்டு சிரித்தனர். 'மரிக்கார்', 'அப்புக்குட்டி', 'உபாலி' என்ற பெயர்கள் அம்மூவரின் சொந்தப் பெயர்களுக்கு முன்னே நிலைத்துவிட்டன.

படம் வெளிவந்து ஏழாம் ஆண்டில் 1983 ஜூலை வந்தது. ஒருவன் பேசும் விதமே அவன் உயிருக்கு உலைவைத்த நாட்கள் அவை. அதே பேச்சு வேறுபாட்டை வைத்து நாடு சிரித்த காலமும் இருந்தது. அதற்குச் சான்றாகவே இப்படத்தை நாம் நினைவில் வைத்தல் வேண்டும்.