கூட்டத்தின் பாரத்தை யார் எண்ணுவது?

1988ஆம் ஆண்டு ஜூலை 31, ஞாயிற்றுக்கிழமை. மாலை நாலரை மணி தாண்டியிருந்தது. பட்டர்வொர்த் சுல்தான் அப்துல் ஹலிம் ஃபெரி முனையத்தில், தீவுக்குப் போகக் காத்திருந்தவர்கள் நிற்க இடமில்லாமல் நெருக்கியடித்துக் கொண்டிருந்தார்கள். புக்கிட் மெர்தாஜாமில் செயிண்ட் ஆன் தேவாலயத் திருவிழா. பினாங்குத் தீவில் குவான் யின் தேவியின் விழா. இரண்டும் ஒன்றாக வந்து சேர்ந்த விடுமுறை நாள் அது. பயணிகள் நின்றிருந்த மேல்தளம் திடீரென்று சரிந்தது. 32 பேர் மாண்டனர். காயமடைந்தவர்கள் 1,634 பேர்.

தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலைக்குப் போக ஃபெரி ஏறிப் பழகிய பெருநிலத் தமிழர்களுக்கு அந்த இடமும் அந்த நெரிசலும் நன்றாகத் தெரியும். அதனால்தான் அன்றைய செய்தி பல வீடுகளில் 'நம்மவர் யாராவது அங்கே இருந்தார்களா?' என்ற பதற்றத்தோடு கேட்கப்பட்டது.

இதில் உறுத்தும் விஷயம் ஒன்று உண்டு. மூன்றே ஆண்டுகளுக்கு முன்பு, 1985 செப்டம்பர் 14ஆம் தேதி, அதே நீரிணையின் மேல் பினாங்குப் பாலம் திறக்கப்பட்டது. அன்றைய பிரதமர் மகாதீர் சிவப்பு புரோட்டோன் சாகா காரைத் தாமே ஓட்டிப் பாலத்தைக் கடந்தார். மொத்தம் 13.5 கிலோமீட்டர் நீளம், அதில் 8.4 கிலோமீட்டர் கடலின் மேல். கொரியாவின் ஹூண்டாய் நிறுவனம் கட்டியது. கப்பல்கள் அடியில் போகவேண்டும் என்பதற்காக நடுவில் 225 மீட்டர் இடைவெளி. அதைக் கம்பிவடங்கள் தாங்குகின்றன. இப்படி ஒரு பாலம் எழும்பும்போது காற்றின் வேகத்துக்கும் நீரோட்டத்துக்கும் கடலடிச் சேற்றுக்கும் கப்பல் மோதலுக்கும் தனித்தனியே கணக்குப் போட்டாக வேண்டும். எல்லார் கண்ணும் அதன் மேல்தான்.

ஃபெரி முனையமோ வேலை முடிந்து, மக்கள் புழங்கிப் பழகிப்போன கட்டடம். தினமும் தாங்கியது, நாளைக்கும் தாங்கும் என்ற எண்ணம் எவருக்கும் வரும். ஆனால் தினமும் நின்ற கூட்டம் வேறு, அந்த ஞாயிற்றுக்கிழமை நின்ற கூட்டம் வேறு. விபத்தை ஆராய அரச விசாரணை ஆணையம் அமைக்கப்பட்டது. அளவு மீறிய கூட்டமே தளம் சரியக் காரணமாகப் பேசப்பட்டது.

மனிதக் கூட்டம் எவ்வளவு பாரம் என்பதைச் சாதாரண ஜனங்கள் குறைத்தே மதிப்பிடுகிறார்கள். ஒரு சதுர மீட்டரில் ஐந்து பேர் நெருக்கி நிற்கட்டும். ஆளுக்கு 60 கிலோ என்றால் 300 கிலோ. அதே இடத்தில் கார் நின்றால்? 1,200 கிலோ எடையுள்ள கார் நிறுத்த ஏறக்குறைய 12 சதுர மீட்டர் வேண்டும். ஆகச் சதுர மீட்டருக்கு 100 கிலோதான். காரைவிடக் கூட்டம் மூன்று மடங்கு பாரம்! அதோடு கார் பேசாமல் நிற்கும். கூட்டம் அப்படியா? படகு வந்துவிட்டது என்று ஒருவர் குரல் கொடுத்தால் போதும், எல்லாரும் ஒரே பக்கம் பாய்வார்கள்.

இதற்கு முந்திய ஆண்டே ஓர் எச்சரிக்கை வந்திருந்தது, உலகின் மறுகோடியில். 1987 மே 24ஆம் தேதி அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரில் கோல்டன் கேட் பாலத்தின் 50ஆம் ஆண்டு விழா. வாகனங்களை நிறுத்திவிட்டு மக்களை நடக்க விட்டார்கள். லட்சக்கணக்கானோர் இரு கரைகளிலிருந்தும் வந்து நடுவில் சிக்கிக்கொண்டார்கள். மேல்நோக்கி வளைந்திருந்த பாலத்தின் நடுப்பகுதி, பாரம் தாங்காமல் தட்டையாகிப் போனது. அரை நூற்றாண்டாகக் கார்களைச் சுமந்த பாலம், கால்நடையாக வந்தவர்களிடம்தான் திணறியது. நல்லவேளை, விழவில்லை. கட்டியவர்கள் தேவைக்கு மேலேயே பலம் வைத்திருந்தார்கள்.

பட்டர்வொர்த்தில் இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். பினாங்கு ஃபெரிக்குக் கட்டணம் அன்று பட்டர்வொர்த் பக்கத்தில்தான் வாங்கினார்கள். தீவிலிருந்து திரும்பி வருவதற்குக் காசு வாங்கவில்லை. அதாவது தீவுக்குப் போகிற ஒவ்வொருவரும் ஒரு வாசலைத் தாண்டித்தான் உள்ளே வரவேண்டியிருந்தது. இவ்வளவு பேர் போதும், இந்தப் படகு போகட்டும் என்று கதவை மூட வசதியான இடம் அதுவே. காசை எண்ணுகிற கை தலைகளையும் எண்ணினால் என்ன? பெரிய எந்திரம் எதுவும் தேவையில்லை. ஒரு கதவு, ஒரு காவலாளி, இத்தனை பேருக்கு மேல் விடாதே என்று ஓர் உத்தரவு. பொறியாளர் போட்ட கணக்கு அவர் மேசையிலேயே தங்கிவிட்டால் வாசலில் நிற்பவருக்கு அது எப்படித் தெரியும்?

நீரிணையின் அடுத்த பெரிய வேலையிலும் ஆபத்து ஓரத்தில்தான் காத்திருந்தது. பத்து மாவுங்கையும் பத்து காவானையும் இணைக்கும் 24 கிலோமீட்டர் இரண்டாவது பாலம் 2014 மார்ச் 1ஆம் தேதி திறக்கப்பட்டது. நிலநடுக்க அதிர்வை உள்வாங்க இயற்கை ரப்பரால் ஆன தாங்கிகளை அதில் வைத்தார்கள். (நம் பாட்டன் பூட்டன் சீவிய பால்மரம் ஒரு பாலத்தையே தாங்குகிறது!) அவ்வளவு முன்யோசனை இருந்தும், 2013 ஜூன் 6ஆம் தேதி பத்து மாவுங் கரையில் கட்டிக்கொண்டிருந்த இணைப்புச் சாலை இடிந்து விழுந்து ஓர் உயிர் போனது. கடலுக்கு நடுவே எழுந்த தூண்கள் எல்லாம் நின்றன. விழுந்தது கரையோரம் இருந்த ஒரு வளைவு.

கார்களை ஏற்றிப்போன பழைய ஃபெரிகள் இப்போது இல்லை. 2023 ஆகஸ்டு முதல் நான்கு புதிய ஃபெரிகள் ஓடுகின்றன. ஒவ்வொன்றிலும் 250 பயணிகள், 50 மோட்டார் சைக்கிள்கள் என்று கணக்கு. படகில் எத்தனை பேர் ஏறலாம் என்பதற்கு எல்லா நாட்டிலும் சட்டம் இருக்கிறது. படகுக்காகக் காத்திருக்கும் தளத்தில், கோயில் மண்டபத்தின் மாடியில், திருவிழா மேடையில் எத்தனை பேர் நிற்கலாம் என்று எழுதிய பலகையை யாராவது பார்த்ததுண்டா?