வினாவை மதித்த ஆசான்கள்



1944ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் இதய நோய் மருத்துவர் ஒருவர் ஒரு பெருந்தலைவரைப் பரிசோதித்தார். மருத்துவரின் பெயர் ஹோவர்டு புரூயென். அவருக்கு இன்னும் நாற்பது வயது நிறையவில்லை. நோயாளி, அமெரிக்கக் குடியரசுத் தலைவர் பிராங்க்ளின் ரூஸ்வெல்ட். அழுத்தமானி 186-க்கு 108 என்று காட்டியது. இதயம் தளர்ந்திருந்தது. நோய் இன்னதென்று இளைஞர் தெளிவாகக் கண்டார். ஆனால் அவர் கொடுப்பதற்கு என்ன இருந்தது? ஓய்வு, உப்புக் குறைந்த உணவு, இதயத்திற்கு டிஜிடாலிஸ், பெரும்பாலும் அவ்வளவே. 1945 ஏப்ரல் 12 அன்று ரூஸ்வெல்ட் மூளையில் ஏற்பட்ட இரத்தப் பெருக்கால் காலமானார். அன்று அவருடைய அழுத்தம் 300-க்கு 190.

உலகின் வலிமை மிக்க நாட்டின் தலைவருக்கே மருந்தில்லை என்றால், எளிய குடிமகனின் நிலையைச் சொல்ல வேண்டுமா?

இதயம் சுருங்கும்போது நாளங்களில் எழும் அழுத்தம் மேல் எண். இதயம் இளைப்பாறும்போது எஞ்சி நிற்கும் அழுத்தம் கீழ் எண். இரண்டையும் பாதரச மில்லிமீட்டரில் அளப்பது மரபு. இவ்வழுத்தம் உயர்ந்தால் கேடு என்று இன்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். அக்காலத்து மூத்த மருத்துவர்களிற் பலரோ வேறு விதமாக எண்ணினர். குறுகிப்போன நாளங்களின் வழியே இரத்தத்தைச் செலுத்த உடல் தானே செய்துகொண்ட ஏற்பாடு இது. இதைக் குறைத்தால் மூளையும் சிறுநீரகமும் இரத்தமின்றி வாடும் என்பது அவர்கள் கருத்து. அவர்கள் அறிவிலிகள் அல்லர், கற்றறிந்த பெரியோர்களே. ஆயினும், தாம் நம்பியதைச் சோதித்துப் பார்த்தவர்கள் அவர்களுள் அரியர்.

இந்நிலையில் பாஸ்டன் நகரில் இராபர்ட் வில்கின்ஸ் என்பவரிடம் எட்வர்டு பிரைஸ் என்னும் இளம் ஆராய்ச்சியாளர் பணியாற்றினார். பென்டாகுயின் என்னும் மலேரியா மருந்தை உட்கொண்டவர்கள் எழுந்து நிற்கையில் அவர்களுடைய இரத்த அழுத்தம் தாழ்வதைப் போர்க்கால ஆராய்ச்சிகள் காட்டியிருந்தன. மலேரியாவை ஆராய்ந்தவர்களுக்கு அது வேண்டாத விளைவு. பிரைசுக்கோ அது ஒரு வினாவாயிற்று: அழுத்தம் மிகுந்தவருக்கு இதைக் கொடுத்தால் என்ன? அவ்வினாவுக்கு வில்கின்ஸ் இடங்கொடுத்தார். கொடிய இரத்த அழுத்தமுடைய நோயாளிகளுக்கு மருந்து தரப்பட்டது; அழுத்தம் தாழ்ந்தது. தீய விளைவுகள் மிகுந்திருந்தமையால் அம்மருந்து நிலைக்கவில்லை. எனினும் மாத்திரையால் இந்நோயை அசைக்க முடியும் என்ற உண்மை புலப்பட்டது. 1947இல் வெளிவந்த ஆய்வுரையில் முதற்பெயர் பிரைசினுடையது. வில்கின்சின் பெயர் அதற்கு அடுத்தது. ஆசான் பின்னே நின்று மாணாக்கனை முன்னே நிறுத்தும் இவ்வரிசையை நீங்கள் மனத்திற் கொள்ள வேண்டுகிறேன்.

இவ்வரலாற்றில் நம் நாட்டுக்கும் பங்கு உண்டு. சர்ப்பகந்தி என்னும் செடியின் வேரை நம் வைத்தியர்கள் நெடுங்காலமாகக் கையாண்டு வந்தனர். தில்லியில் ஹக்கீம் அஜ்மல் கான், சலீமுஸ்ஸமான் சித்திக்கி என்ற இளைஞரை ஊக்குவித்து வேதியியல் ஆராய்ச்சியில் ஈடுபடுத்தினார். அஜ்மல் கான் 1927இல் மறைந்தார். பின்னர் சித்திக்கி அவ்வேரிலிருந்து பிரித்தெடுத்த பொருள்களுள் ஒன்றுக்கு அஜ்மலின் என்று பெயரிட்டார். மாணாக்கன் செலுத்திய குருதட்சிணை அது. 1949இல் பம்பாய் மருத்துவர் ருஸ்தம் ஜால் வக்கீல், 50 நோயாளிகளுக்கு அவ்வேரைக் கொடுத்துக் கண்ட பயனைப் பிரிட்டிஷ் இதய மருத்துவ இதழில் வெளியிட்டார். பாஸ்டனில் வில்கின்ஸ் அதனை ஏற்றுத் தம் நோயாளிகளிடம் சோதித்தார். 1952இல் சுவிட்சர்லாந்தின் பேசல் நகரில் அவ்வேரிலிருந்து ரெசர்பின் என்னும் மருந்து பிரிக்கப்பட்டது.

மருந்துகள் கிடைத்துவிட்டன. ஆனால் அழுத்தத்தைக் குறைத்தால் உயிர் பிழைக்குமா? எண் தாழ்வது ஒன்று. மனிதன் வாழ்வது மற்றொன்று. இதற்குள் வாஷிங்டன் நகரின் முன்னாள் படைவீரர் மருத்துவமனையில் மூத்தவராகிவிட்ட பிரைஸ் இவ்வினாவைக் கையில் எடுத்தார். மருந்தில் அவருக்கு நம்பிக்கை உண்டு; எனினும் அந்நம்பிக்கையையே அவர் தராசில் நிறுத்தினார். பல மருத்துவமனைகளின் மருத்துவர்களை ஒரே விதிமுறைக்குள் கொணர்ந்தார். ஒரு பகுதியினருக்கு மெய்யான மருந்து. மற்றவர்க்கு அதனைப் போலவே தோன்றும் வெற்று மாத்திரை. யாருக்கு எது என்பதை நோயாளியும் அறியார், மருத்துவரும் அறியார். மாத்திரையை ஒழுங்காக உண்பவரை மட்டும் தேர்ந்தெடுக்க, முதலில் ரிபோபிளேவின் கலந்த மாத்திரைகள் தரப்பட்டன. அது சிறுநீரில் ஒளிர்ந்து உண்மையைக் காட்டிவிடும்!

1967இல் முதல் முடிவு வெளியாயிற்று. கீழ் எண் 115 முதல் 129 வரை இருந்த 143 ஆடவர்களை ஆராய்ந்ததில், வெற்று மாத்திரை உண்ட 70 பேரிடையே 27 கடுமையான விபத்துகள் நேர்ந்தன; அவர்களுள் நால்வர் இறந்தனர். மருந்துண்ட 73 பேரிடையே நேர்ந்தவை இரண்டே, இறந்தவர் எவருமிலர். வேறுபாடு அவ்வளவு தெளிவாயிருந்தமையால், இப்பகுதிச் சோதனை முன்னதாகவே நிறுத்தப்பட்டது. அவர்களுக்குக் கொடுத்த மூன்று மருந்துகளுள் ஒன்று, நம் சர்ப்பகந்தி வேர் ஈன்ற ரெசர்பின். கீழ் எண் 90 முதல் 114 வரை இருந்த 380 பேரைப் பற்றிய முடிவு 1970இல் வந்தது. அங்கும் பக்கவாதம் வெகுவாகக் குறைந்திருந்தது.

இதில் ஒரு வேதனையும் உண்டு. அதை மறைத்தல் தகாது. அந்த நால்வர் வெற்று மாத்திரை உண்டவர்கள். மருந்தால் நன்மை உண்டு என்று முன்பே உறுதியாகத் தெரிந்திருந்தால் அவர்களுக்கும் அது கிடைத்திருக்கும். தெரியாததைத் தெரிந்ததாகப் பெரியோர் கொண்டிருந்த ஆண்டுகளில் உலகெங்கும் மாண்டவர்களை எண்ணினால், சோதிக்காமல் விட்டதன் விலை இன்னும் பெரிது. மேலும் இச்சோதனைகளில் பெண்கள் இல்லை. அக்குறையைப் பிற்கால ஆய்வுகளே நிரப்ப வேண்டியதாயிற்று. ரெசர்பினும் இன்று அருகியே வழங்குகிறது. அதனினும் நல்ல மருந்துகள் வந்துவிட்டன. ஆனால் அவற்றையும் நம்பிக் கையாள்வதற்கு வழிகாட்டியது அன்று அமைந்த சோதனை முறையே.

நான் பல ஆண்டுகள் ஆசிரியனாக இருந்தவன். ஒருநாள் உடலியல் பாடத்தின் நடுவே ஒரு சிறுவன் எழுந்து, "ஐயா, இது உண்மையென்று எப்படிக் கண்டுபிடித்தார்கள்?" என்று கேட்டான். "புத்தகத்தில் இருக்கிறது, உட்கார்" என்றேன். அவன் உட்கார்ந்தான், அதன்பின் அவ்வாண்டு முழுவதும் என் வகுப்பில் அவன் எதுவும் கேட்கவில்லை. இவ்வரலாற்றைப் படிக்கும்போதெல்லாம் அச்சிறுவனின் முகம் என் கண்முன் வருகிறது. வில்கின்ஸ் செய்ததை நான் அன்று செய்யத் தவறினேன்.

மருத்துவம் பயிலப்போகும் இளைஞர்களே! உங்கள் ஆசான்களிடம் பணிவோடு இருங்கள். ஆனால் வினாவை விழுங்கிவிடாதீர்கள். நாளை நீங்கள் ஆசான்களாகும்போது, எழுந்து நிற்கும் மாணவனை உட்காரச் சொல்வதற்கு முன், அவன் கேட்பதை ஒருமுறை முழுமையாகக் கேளுங்கள்.